பூட் ஆகும்போது திரை கலங்கினால் எங்கே பிடிப்பது

எங்கள் படிப்பகத்தில் மூன்று கணினிகள், மூன்றிலும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம். சாயங்காலம் பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழக வருவார்கள். சென்ற மாதம் ஒரு கணினியில் எழுத்தெல்லாம் குண்டாக, கலங்கலாகத் தெரிந்தது. 1366க்கு 768 புள்ளிகள் வரவேண்டிய மானிட்டரில் 1024க்கு 768 இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு பையன் ‘ண’வா ‘ன’வா என்று திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தான். அதைக் கண்ட பிறகு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட மனம் வரவில்லை.

திரையின் மோட், அதாவது படம் எத்தனை புள்ளிகளில் வரவேண்டும் என்பது, கணினி பூட் ஆகும்போது ஒரே தடவையில் முடிவாவதில்லை, கை மாறிக்கொண்டே போகிறது. முதலில், மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ ஒரு மோடை வைக்கும். அடுத்து, எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் தன் பட்டியலைக் காட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளும். அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர் வந்து மறுபடி வைக்கும். இன்டெல் சிப்களுக்கு இந்த வேலை 2009இல் வந்த 2.6.29 கர்னலில்தான் கர்னலுக்குள் வந்தது. அதற்கு முன், சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வர் என்ற நிரல் செய்துகொண்டிருந்தது. கடைசியாக டெஸ்க்டாப்பும் தன் பங்குக்கு மாற்றலாம்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து கண்ணை எடுக்காமல் பாருங்கள். கிரப் வரை தெளிவாக வந்து, அதன்பின் கெட்டால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். லாகின் செய்த பிறகுதான் கெடுகிறது என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போதும். எங்களுக்கு முதல் சின்னம் தெரிந்ததிலிருந்தே கலங்கல். அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் கணினிக்கு வெளியே.

மானிட்டருக்குள் ஈடிஐடி என்று ஒரு சிறு தகவல் துண்டு இருக்கிறது. அடிப்படைப் பகுதி 128 பைட்தான். தனக்கு எந்த ரெசல்யூஷன் பொருந்தும் என்று மானிட்டர் அதில்தான் சொல்கிறது. விஜிஏ கேபிளில் இது 12, 15 ஆகிய பின்கள் வழியாகப் போகிறது. அந்தப் பின்கள் வளைந்திருந்தாலோ, நடுவில் உள்ள பெட்டி அவற்றை இணைக்காமல் விட்டிருந்தாலோ, படம் வரும், தகவல் வராது. அப்போது கர்னல் பாதுகாப்பாக 1024க்கு 768ஐத் தாண்டாமல் நின்றுகொள்ளும்.

இதைச் சரிபார்க்க, சிஸ் ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போங்கள். கார்ட்0-விஜிஏ-1 போன்ற ஒரு பெயர் இருக்கும். அதில் மோட்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் கர்னலுக்குத் தெரிந்த அளவுகள் வரிசையாக வரும். எங்களுடையதில் 1366 இல்லவே இல்லை. புரொஜெக்டருக்காக வைத்த ஸ்ப்ளிட்டரை, அதாவது ஒரே படத்தை இரண்டு திரைக்குப் பிரித்துத் தரும் பெட்டியைக் கழற்றி நேராகச் செருகினேன், பட்டியல் நிரம்பிவிட்டது.

ஆனால் புரொஜெக்டரும் வேண்டுமே. அதனால் ஸ்ப்ளிட்டரை வைத்துக்கொண்டே கர்னலுக்கு நாமே அளவைச் சொன்னோம். கிரப் பட்டியலில் ஆங்கில ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேர்க்க வேண்டும்: வீடியோ=விஜிஏ-1:1366எக்ஸ்768@60. எல்லாம் ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல். விஜிஏ மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறிய எழுத்து. கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் பூட் ஆகும். இது அந்த ஒரு தடவைக்குத்தான், தப்பானாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் போய்விடும். தயவுசெய்து இப்படிச் சோதிக்காமல் நிரந்தரமாக எழுதாதீர்கள்.

சரியாக வந்தால், எட்சி ஃபோல்டரின் டிஃபால்ட்டுக்குள் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்று இருக்கும் வரியில் மேற்கோள்குறிக்குள் அதையே சேருங்கள். பிறகு டெர்மினலில் சூடோ அப்டேட்-கிரப் என்ற கட்டளையைக் கொடுங்கள். டெஸ்க்டாப் வந்தபின்பும் பழைய அளவே நின்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒருமுறை தேர்ந்தெடுங்கள்.

திரை முழுக்கக் கறுத்துப்போனால் பலரும் அதே லினக்ஸ் வரியில் நோமோட்செட் என்ற சொல்லைப் போடச் சொல்வார்கள். உள்ளே நுழைய அது நல்ல வழிதான். ஆனால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். டிரைவர் மோட் வைப்பதையே அது தடுக்கிறது. கிராஃபிக்ஸ் சிப்பின் வேகம் கிடைக்காது, அளவையும் பெரும்பாலும் மாற்ற முடியாது. உள்ளே போய் டிரைவரைச் சரிசெய்த கையோடு எடுத்துவிடுங்கள்.

மறுநாள் அந்தப் பையன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தே தட்டச்சு செய்தான்.