வழிகாட்டிப் புத்தகத்தை வைத்து இலங்கையின் திருகோணமலையில் ஃப்ளை தூண்டிலுக்கு இடம் பிடிப்பது

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் மயிரும் கட்டிய பொய் இரை, அதற்கென்று கனம் கிடையாது, எறிவதெல்லாம் தடித்த நூலின் கனத்தில்தான், ஆகவே சாதாரணக் கைக்கு ஐம்பது அறுபது அடிதான் போகும். அப்படியென்றால் நாம் தேடுவது ஆறேழு அடிக்குள் ஆழம், பின்பக்கம் நூல் விரிய வெளி, மீன் ஒதுங்க ஏதாவது ஒரு விளிம்பு. இந்த மூன்றும் இல்லாத இடத்தை எந்தப் புத்தகம் எவ்வளவு புகழ்ந்தாலும் நமக்கு அது உதவாது.

அடுத்து, அச்சான ஆண்டு. 1983க்கு முந்தியதா, 2009க்குப் பிந்தியதா? இடையில் வந்தவற்றில், நான் பார்த்த அளவில், கிழக்குக்கு அரைப் பக்கம் கிடைத்தாலே பெரிது. யுத்த காலத்தில் யார் வந்து தூண்டில் போட்டு எழுதப்போகிறார்கள்? பழைய புத்தகங்களில் ஃப்ளை என்று வருகிற பக்கங்களில் பெரும்பாலும் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி டிரவுட்தான், வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட மீன். அதைப் புரட்டிவிட்டுக் கிழக்குக் கரைக்கு வாருங்கள். அங்கே ஃப்ளை என்ற சொல்லே இருக்காது. ஆனால் இந்தக் களப்பின் (கடலோரக் காயலின்) வாயில் இன்ன மாதத்தில் பாரை வரும் என்று இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. பாதைக் குறிப்பை மட்டும் நம்பவேண்டாம். கிண்ணியாவுக்குத் துறையடியில் படகேறச் சொல்லும், 2009இல் பாலம் திறந்தாயிற்று.

மீன் பெயர்களுக்கு ஒரு சின்ன அகராதி வேண்டும். டிரெவலி என்றால் நம் பாரை, குயின்ஃபிஷ் கட்டா, சீர் அறக்குளா. பழைய ஆங்கிலப் புத்தகத்தின் ராக் காட் நம் கலவாய். ஜயண்ட் பெர்ச் என்று ஒரு புத்தகமும் பாராமுண்டி என்று இன்னொன்றும் சொல்வது ஒரே கொடுவாவைத்தான், நான் ஒரு காலத்தில் இரண்டையும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன். இடப்பெயரும் அப்படியே: சைனா பே சீனன்குடா, பிஜன் ஐலண்ட் புறாமலை. புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே மீன்பிடிக்க முடியாது. பழைய புத்தகம் ஆசை காட்டினால் அந்தப் பந்தியைப் பென்சிலால் வெட்டிவிடுங்கள். துறைமுகத்துக்குள் கடற்படைப் பகுதிகளுக்கும் இதே கதைதான்.

அப்புறம் வரைபடம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள் இருந்தால் நல்லது, அதில் ஒரு சென்ரிமீற்றர் தரையில் 500 மீற்றர். புத்தகம் சொல்லும் இடத்தை அதில் குறியுங்கள், குறித்துவிட்டு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: களப்பு கடலோடு சேரும் வாயா, கண்டல் காட்டுக்குள் நுழையும் ஓடையா, மணல் முடிந்து பாறை தொடங்கும் மூலையா? அதே அமைப்பு தாளில் வேறு எங்கே இருக்கிறது? நான் இப்படித்தான் உப்பாறு பக்கம் போய்ச் சேர்ந்தேன், எந்தப் புத்தகமும் அதைச் சொல்லவில்லை.

கடல் சார்ட்டைப் பார்ப்பவர்கள் ஆழம் எந்த அளவில் என்று மூலையில் தேடிப் பாருங்கள், தயவுசெய்து. கொட்டியாரக் குடாவில் ஒரு திட்டுக்கு 2 என்று போட்டிருந்தது. மீற்றர் என்று நினைத்து, தோணிக்காரருக்குக் காசு கொடுத்துப் போனேன். அது பாகம். இரண்டு பாகம் பன்னிரண்டடி. மிதக்கும் நூலில் ஃப்ளை மேலேயே நீந்திக்கொண்டிருந்தது, மீன் கீழே தன் பாட்டில் இருந்திருக்கும். தோணிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, தங்கூசி நூலில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, கைவிரித்து அளந்து காட்டினார்.

புத்தகத்தில் "ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதி" என்று இருக்கும். சரிதான், ஆனால் கச்சான் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆனி, ஆடியில் அது தரையிலிருந்து அடிக்கும், கடலைப் பார்த்து நின்றால் முதுகில் காற்று, பின்னால் வீசும் நூல் விரியாமல் கொக்கி பிடரிக்கு வரும். காலை ஒன்பதுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள், தொப்பி போடுங்கள். வற்றுப்பெருக்கைப் பற்றியும் வெளிநாட்டுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும். இங்கே நீர் இரண்டடிகூட ஏறி இறங்காது. ஆனாலும் ஒடுங்கிய களப்பு வாயில் அந்த இரண்டடியே நல்ல ஓட்டமாகிவிடும், அமாவாசை பறுவத்தை ஒட்டி இன்னும் கூடும், அதனால் வற்றுப்பெருக்கு அட்டவணையைத் தூக்கி எறியவேண்டாம்.

களப்பு வாய் மட்டும் புத்தகத்துக்கு அடங்காது. வாடையில் மழை வெள்ளம் மணல் திட்டை உடைக்கும், பிறகு கடல் திரும்ப மூடும், அடுத்த முறை வேறு இடத்தில் உடையும். இறக்கக்கண்டியில் ஒருநாள் விடியவே புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நின்றேன், படத்தில் ஓடை இருந்தது, எதிரே வெறும் மணல். வீச்சுவலையை உதறிக்கொண்டு வந்த காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இது எழுதினவர் மாரிக்கு முந்தி வந்திருப்பாரு தம்பி. வாய் இப்ப அங்கால."

அங்கால என்றது இருநூறு முழம் தள்ளி. ஆகவே போகிற வாரத்தில் செயற்கைக்கோள் படத்தை ஒருமுறை பாருங்கள், போன பிறகு வலை வீசுகிறவரிடம் கேளுங்கள். "மீன் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்பார்கள். சூடை மீன் எங்கே நிற்கிறது, கலங்கல் நீர் எதுவரை போகிறது என்று கேளுங்கள். கலங்கலும் தெளிவும் சேரும் கோட்டில்தான் பாரை காத்திருக்கும். இறங்கும்போது காலைத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். மகாவலி வாயில் இறங்கவே வேண்டாம், முதலை உண்டு.

கையில் பென்சில் இருக்கட்டும். என் புத்தகத்தில் இறக்கக்கண்டிப் பக்கத்தின் ஓரத்தில் இப்படி இருக்கிறது: "மாசி, அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், வற்று, தேத்தண்ணி நிறம், பாலத்துக்குக் கிழக்கே, வெள்ளை ஃப்ளை, பாரை 2, சிறிசு, விட்டாச்சு."