ஒர்லாண்டோவில காட்டுற புதுத் தூண்டில் சாமானில வன்னிக்கு எது சரிவரும்? பாத்துத் தெரிவு செய்யிற முறை

யூலை மாசம் வந்தாக் காணும், போனைத் திறந்தா அமெரிக்காக்காரர் ஒவ்வொருத்தரா புது றீலையும் (நூல் சுத்துற சாமான்) புது றொட்டையும் (தூண்டில் தடி) தூக்கிக் காட்டிக்கொண்டு நிப்பினம். அது ஐகாஸ்ட் எண்டுற கண்காட்சி. அமெரிக்கன் ஸ்போட்ஃபிஷிங் அசோசியேஷன் வருசா வருசம் நடத்துறது, இப்ப கன வருசமா புளோரிடாவில ஒர்லாண்டோவிலதான் நடக்குது, 2020இல மட்டும் கொரோனாவால ஒன்லைனில வைச்சவை. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பெடியள் அதைப் பாத்திட்டு கனடா மச்சானுக்கும் லண்டன் சித்தப்பாவுக்கும் ஸ்கிறீன்சொட் அனுப்புறதும், அவை பாவம் ஆசையா வாங்கி அனுப்புறதும், வந்த றீல் நந்திக்கடல் உப்பில ஒரு மாரி தாண்ட முதல் இறுகிப்போறதும் கன வீட்டில நடக்குது. அது நடக்காமல் இருக்க வீடியோவை எப்பிடிப் பாக்கிறது, எதைக் கேட்டு வாங்கிறது எண்டதைத்தான் எழுதிறன்.

முதல்ல அந்த விருதுகளை விளங்கிக்கொள்ளுங்கோ. ஐகாஸ்டுக்கு சாதாரண சனம் போகேலாது, கடைக்காரர், கொம்பனிக்காரர், பத்திரிகைக்காரருக்கு மட்டும்தான். புதுச் சாமான் எல்லாத்தையும் ஒரு பகுதியில அடுக்கி வைப்பினம், கடைக்குச் சாமான் எடுக்க வந்தவையும் ஊடகக்காரரும் பாத்து, தொட்டு, வோட்டுப் போடுவினம், அதில வெல்லுறதுக்குத்தான் 'பெஸ்ட் ஒஃப் ஷோ' எண்டு பேர். 2019இல ஹோபி கொம்பனியின்ர 360 பாகையும் திரும்புற மிதிவள்ளம் ஒண்டு எடுத்தது, நல்ல வேலைப்பாடு, நான் குறை சொல்லேல்ல. ஆனா ஒரு சாமான் மூண்டு வருசம் உப்புத் தண்ணியில கிடந்தா என்ன ஆகும் எண்டது அந்த வோட்டில வராது. அதோட அங்க காட்டுறதில கன சாமான் பாஸ் எண்டுற நன்னீர் மீனுக்குச் செய்தது. எங்கட தண்ணி வேற. வட்டுவாகல், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் உப்பும் சவரும், அங்க கொடுவா, செம்பல்லி, பாரை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அங்கால மன்னாரில கட்டுக்கரைக்குளம், இதெல்லாம் நல்ல தண்ணி, விராலும் திலாப்பியாவும். நீங்கள் எந்தத் தண்ணிக்குப் போறனீங்கள் எண்டதை முதல்ல முடிவெடுத்திட்டு வீடியோவைப் பாருங்கோ.

எந்தச் சாமானைப் பாத்தாலும் நாலு கேள்வி கேட்டாப் போதும்: உப்பைத் தாங்குமா, தாமரைக் கொடிக்குள்ளால இழுபடுமா, பார்சலில முறியாமல் வருமா, பழுதானா உதிரிப்பாகம் கிடைக்குமா. நாலாவதைத்தான் ஒருத்தரும் கேக்கிறேல்ல, எனக்கு அதுதான் முதலாவது.

றீலில இருந்து துவங்குவம். வீடியோவில '12 பெயாரிங், 15 கிலோ ட்றாக்' எண்டு பெரிசாச் சொல்லுவினம். ட்றாக் எண்டது மீன் இழுக்கேக்க நூலை அறாமல் விட்டுக் குடுக்கிற பிறேக். பெயாரிங் கூடக் கூட எங்கட உப்பில துருப்பிடிக்கிற இடமும் கூடும், குறைஞ்ச பெயாரிங்கா இருந்தாலும் சீல் வைச்சு அடைச்சதா இருக்கிறதுதான் வேணும். 15 கிலோ ட்றாக்கை கையில பிடிச்சுக்கொண்டு ஒருத்தராலையும் நிக்கேலாது, களப்புக்கு 3, 4 கிலோ வழுக்காமல், திக்கித் திக்கி விடாமல் சீரா விட்டாக் காணும். பேட்கேஸ்டர் எண்டுற உருளை றீலை அங்க கனக்கக் காட்டுவினம். சோளகக் காத்துக்கு எதிரா லேசான லூரை (பொய் இரையை) எறியேக்க அது நூலைக் கூடு கட்டி வைக்கும், அதால புதுசாத் துவங்கிறவை ஸ்பினிங் றீலையே எடுங்கோ, 3000 இல்லாட்டி 4000 சைஸ், கியர் (கைபிடியை ஒருக்காச் சுத்தினா நூல் எத்தினை சுத்துச் சுத்துப்படும் எண்ட கணக்கு) 5.2க்கும் 6.2க்கும் இடையில.

இனி முக்கியமான இடம். ஸ்பினிங் றீலில பெயில் கம்பியின்ர (நூலைச் சுருளில சுத்திவிடுற வளைஞ்ச கம்பி) ஒரு முனையில சின்னதா ஒரு உருளை இருக்கும், லைன் றோலர் எண்டுறது, நூல் அதுக்கு மேலாலதான் சுருளுக்குப் போகும். கடல்பக்கம் பாவிக்கிற றீலில முதல்ல சாகிறது இதுதான், ஏனெண்டால் நூல் கொண்டு வாற உப்புத் தண்ணி முழுக்க அதிலதான் வடியும். றீல் கைக்கு வந்த உடன ஒரு முழம் நூலை அந்த உருளையில போட்டு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கோ. நூலோட சேந்து உருளை சுத்த வேணும். நூல் மட்டும் வழுக்கி உருளை அசையாமல் நிண்டா, கொஞ்ச நாளில அதில ஒரு கோடு விழும், அந்தக் கோடு பிறெயிட் எண்டுற பின்னின நூலை அறுக்கும், பெரிய மீன் வாற நேரம் பாத்து அறுக்கும். வீடியோவில ஆர் இந்த உருளையைக் கழட்டிக் காட்டினமோ, உள்ள பெயாரிங் இருக்கா வெறும் பிளாஸ்டிக் புஷ்ஷா எண்டு சொல்லினமோ, அவையின்ர விமர்சனத்தை நம்பலாம்.

றொட்டைப் பற்றிக் கன கதை இல்லை. ஒரே துண்டு 7 அடி றொட்டை மோட்டச்சைக்கிளில கொண்டு திரியேலாது, பார்சலிலையும் முறியும், அதால ரெண்டு துண்டு இல்லாட்டி நாலு துண்டு ட்றவல் றொட். பிடிக்குக் கிட்ட எழுதியிருக்கிறதைப் பாருங்கோ: களப்புக்கு மீடியம் (நடுத்தர விறைப்பு), லூர் பாரம் 7இல இருந்து 28 கிறாம் மட்டும், குளத்துக் கொடிக்குள்ள விராலுக்கு மீடியம் ஹெவி. நூல் ஓடுற வளையங்களுக்குள்ளால ஒரு பஞ்சுத் துண்டை விட்டு இழுத்துப் பாருங்கோ, பஞ்சு எங்கயாவது மாட்டி நார் விட்டா அந்த வளையத்தில வெடிப்பு இருக்கு, றொட்டைத் திருப்பிக் குடுங்கோ.

நூலுக்குத்தான் எங்கட ஆக்கள் கூட ஏமாறினம். தங்கூசி (ஒத்தை நைலோன் நூல்) இழுபடும், பிறெயிட் இழுபடாது, மீன் தொட்ட உடன கையில விளங்கும். ஆனா பெட்டியில போட்டிருக்கிற இறாத்தல் கணக்கு கொம்பனிக்குக் கொம்பனி மாறும், நீங்கள் தடிப்பைப் பாருங்கோ. யப்பான் கணக்கில பீஈ 1 எண்டால் 0.165 மில்லிமீற்றர், பீஈ 2 எண்டால் 0.235. களப்புக்கு பீஈ 1.5 நல்லாக் காணும், விராலுக்கு பீஈ 3 இல்லாட்டி 4, மீனோட சேத்து ஒரு கடகம் தாமரைக்கொடியும் வரும், அதையும் இழுக்க வேணுமே. பிறெயிட் மிதக்கும், ஃப்ளோரோகாபன் எண்டுற தெளிவான நூல் தாழும், அதின்ர ஒளிமுறிவு தண்ணிக்குக் கிட்டவா இருக்கிறதால மீனின்ர கண்ணுக்குக் குறைவாத் தெரியும். கொடுவாவுக்கு முனையில ஒரு பாகம் நீளத்துக்கு 30 இறாத்தல் ஃப்ளோரோகாபன் கட்டாமல் எறியவே எறியாதேங்கோ, அதின்ர செவுள் மூடி சவர அலகு மாதிரி, தலையை ஒருக்கா உதறினா வெறும் பிறெயிட் போச்சு. இலங்கையில தடை செய்தது தங்கூசி வலையைத்தான், தூண்டிலில தங்கூசி கட்டுறது வேற கதை, ஆனா அறுந்த துண்டைக் கரையில போட்டிட்டு வராதேங்கோ, கொக்குக் காலில சுத்தினா அது செத்துப்போகும்.

ட்றாக்கை எவ்வளவு இறுக்கிறது எண்டு கேக்கிறவைக்கு: நூலின்ர பலத்தில மூண்டில ஒரு பங்கு. 20 இறாத்தல் நூலெண்டால் 9 கிலோ, அதில 3 கிலோ. தராசு தேவையில்லை, ஒண்டரை லீற்றர் தண்ணிப் போத்தில் ரெண்டை ஒரு பையில போட்டு நூலில கட்டி, றொட்டை வளைய விட்டுத் தூக்குங்கோ. பை நிலத்தை விட்டு எழும்புற நேரம் றீல் மெல்லமா நூலை விட்டுக் குடுக்க வேணும்.

பாஸ் மீனுக்கெண்டு செய்ததில வன்னிக்கு அச்சொட்டாப் பொருந்துற ஒரு சாமான் இருக்கு, அது றப்பர்த் தவளை. உள்ளுக்கு வெறுங்கோதான தவளை, ரெண்டு தூண்டில் முள்ளும் முதுகில ஒட்டி மேல பாத்தபடி இருக்கும், அதால அல்லி இலைக்கு மேலால இழுத்தாலும் மாட்டாது. விரால் கவ்வேக்க உடம்பு நசுங்கும், முள் வெளிய வரும். அதால வாங்கேக்க பெருவிரலால முதுகை அமத்திப் பாருங்கோ, லேசா அமத்தினாலே முள் நுனி தெரிய வேணும், இறுக்கமா இருந்தா விரால் கவ்வும் ஆனா கொழுவாது. ஒவ்வொரு வருசமும் இதில புதுசா வருது, வால் சுத்துறது, வாய் குழிஞ்சு 'பளக்' எண்டு தண்ணி தெறிக்கிறது. இலை அடர்த்தியான இடத்துக்கு மூக்குக் கூரானது, வெட்டைத் தண்ணிக்கு வாய் குழிஞ்சது. விரால் அடிச்ச உடன றொட்டை வெட்டி இழுக்காதேங்கோ, ஒரு மூச்சு விட்டு, நூல் இறுகினாப் பிறகு வெட்டி இழுங்கோ.

ஒண்டை மட்டும் மன்றாட்டமாக் கேக்கிறன். தண்ணிக்கு மேல செம்மஞ்சளா ஒரு குஞ்சுக் கூட்டம் கொப்பளிச்சுக்கொண்டு திரிஞ்சா அதுக்குக் கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்த நேரம் தவளையை எறிஞ்சா நிச்சயம் அடிக்கும், பசிக்கு இல்லை, குஞ்சைக் காப்பாத்த. அதைத் தூக்கினா குஞ்சு முழுக்க மற்ற மீனுக்கு இரை. அந்தக் கூட்டத்தை விட்டிட்டு அங்கால எறியுங்கோ.

களப்புக்கு மீன் மாதிரி இருக்கிற கட்டி லூர் எடுத்தா, அதோட வாற மூண்டு முனை முள்ளைக் கழட்டிப் பாருங்கோ. பாஸுக்குப் போட்ட மெல்லிய முள்ளை கொடுவா நிமித்திப்போடும், செம்பல்லி அதைவிட மோசம், கவ்வின கையோட கண்டல் வேருக்குள்ள ஓடும். தடிச்ச கம்பி முள் ஒரு பக்கற் தனியாச் சொல்லி எடுப்பியுங்கோ, விலை பெரிசில்லை.

விட வேண்டிய சாமான்களையும் சொல்லவேணும். நேரடியா மீனைத் திரையில காட்டுற லைவ் சோனார் இப்ப அங்க பெரிய பேச்சு, ஆயிரம் டொலருக்கு மேல போகும், பட்டறியும் தனி. நந்திக்கடல் மாதிரி ஆழம் குறைஞ்ச களப்பில அதால ஒரு பிரயோசனமும் இல்லை. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி கூட, சின்னதா இருக்கும், நச்சில்லை, ஆனா கட்டைக்குள்ள மாட்டி இழக்கிற இடத்தில அவ்வளவு காசு கட்டாது. ஈயமே பாவிக்கிறதெண்டால் பல்லால கடிச்சு இறுக்காதேங்கோ, குறடு எடுங்கோ. இழுத்தா ஊதுற லைஃப் ஜக்கெற் பாக்க வடிவு, அதின்ர காஸ் குப்பி ஒருக்காப் பாவிச்சு முடிஞ்சா இஞ்ச மாத்துறது கஷ்டம், விமானப் பார்சலிலையும் லேசில எடுக்க மாட்டினம், வள்ளத்தில போறவை நுரை வைச்ச ஜக்கெற்றையே போடுங்கோ. மற்றது தண்ணிக்கடியில வைக்கிற பச்சை எல்ஈடி வெளிச்சம். ஒளி பாய்ச்சிப் பிடிக்கிறதுக்கு எதிரா 2018இல முல்லைத்தீவு மீனவர் தெருவில இறங்கினவை, அவையின்ர பிள்ளையள் நாங்கள் அதைக் காசு குடுத்து எடுப்பிக்கக் கூடாது.

கட்டாயம் எடுக்க வேண்டியது போலறைஸ்ட் கண்ணாடி. கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது எல்லாம் போலறைஸ்ட் இல்லை. கம்பியூட்டர் திரைக்கு முன்னால பிடிச்சு மெல்லத் திருப்புங்கோ, ஒரு கட்டத்தில திரை இருண்டா அது சரியான சாமான். தண்ணியின்ர மினுக்கம் போய் மீனின்ர நிழலும் கட்டையும் தெரியும், குளக்கரையில முதலை கிடந்தாலும் முதலே தெரியும், அது ஒண்டுக்காகவே வாங்கலாம்.

எறியிறதுக்கு முதல் அந்தந்தக் குளத்து மீனவர் சங்கத்திட்ட ஒரு சொல் கேளுங்கோ, சிறகுவலைக்கு மேலால எறியாதேங்கோ, அது அவையின்ர சோறு. சுண்டிக்குளம் 2015இல இருந்து தேசியப் பூங்கா, அங்க நினைச்ச மாதிரி இறங்கேலாது.

வந்தாப் பிறகு பராமரிப்பு: களப்பால வந்த உடன ட்றாக்கை இறுக்கிப்போட்டு நல்ல தண்ணியை மெல்லமா ஊத்துங்கோ, குழாயால பீச்சி அடிச்சா உப்பு உள்ளுக்குப் போகும். வீட்டுக் கிணறு உவரெண்டால் குளத்துத் தண்ணி ஒரு போத்தில் கொண்டு வாங்கோ. துடைச்சு, ட்றாக்கைத் தளத்தி, லைன் றோலரில ஒரு துளி எண்ணெய்.

வாங்கிற நேரத்தைப் பற்றியும். யூலையில காட்டுறது கன சாமான் கடைக்கு வர மாசக்கணக்காகும், புதுசு வந்த உடன போன வருச மொடலின்ர விலை விழும், அதைத்தான் நான் எடுக்கச் சொல்லுவன், ஏனெண்டால் அதுக்குள்ள பாவிச்ச ஆக்களின்ர குறை நிறையும் வெளிய வந்திடும். ஷிமானோ, டைவா றீல் பாக்கிறவை தை மாசம் யொக்கோகாமாவில நடக்கிற யப்பான் கண்காட்சியையும் பாருங்கோ, அவை கன றீலை அங்கதான் முதல்ல காட்டுறவை.

வெளிநாட்டில இருக்கிறவைக்கு படத்தை மட்டும் அனுப்பாதேங்கோ, இப்பிடி எழுதி அனுப்புங்கோ: 'மச்சான், ஸ்பினிங் றீல், 3000 சைஸ், போன வருச மொடல் காணும், உப்புத் தண்ணிக்கு எண்டு பெட்டியில போட்டிருக்க வேணும். அதே மொடலுக்கு லைன் றோலர் பெயாரிங் ரெண்டு தனியா. பீஈ 1.5 பிறெயிட் 150 மீற்றர், 30 இறாத்தல் ஃப்ளோரோகாபன் ஒரு சுருள். பில்லை எறிய வேண்டாம், சுங்கத்தில கேப்பினம்.' அவர் கடைக்குப் போற நாளை முதலே கேட்டு வைச்சு அண்டைக்கு இரவு போனைப் பக்கத்தில வைச்சிருங்கோ, ரொறன்ரோவில கடை திறந்திருக்கிற நேரம் எங்களுக்கு நடுச்சாமம், அவர் ரெண்டு பெட்டியைக் கையில வைச்சுக்கொண்டு எது எண்டு கேக்கேக்க மறுமொழி சொல்ல நீங்கள் முழிச்சிருக்க வேணும்.