டிராக் நாளில் கார் மாற்றி ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக் நாள், அதாவது பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் நாள் ஒன்றில், நான்கைந்து வேகக் கார்களை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பில், பெரும்பாலான தவறுகளுக்கு ஒரே காரணம்தான் உண்டு. முந்தைய காரில் பழகிய கையையும் காலையும் அப்படியே அடுத்த காருக்குள் கொண்டுபோய்விடுகிறோம். எனக்கே இது நேர்ந்திருக்கிறது. காலையில் அரை மணி நேரம் கிளட்ச் உள்ள சிறிய கார் ஒன்றை ஓட்டிவிட்டு, இறங்கிய சூட்டோடு தானியங்கி கியர் கொண்ட பெரிய காரில் ஏறினேன். நேர்ப்பாதை முடிந்து கியரைக் குறைக்க வேண்டிய இடம் வந்ததும், என் இடது கால் தன்போக்கில் கிளட்சைத் தேடிப் போய், அந்தக் காரின் அகலமான பிரேக் பெடலின் இடது ஓரத்தை முழுப் பலத்தோடு மிதித்துவிட்டது. கிளட்சுக்குப் பழகிய காலுக்கு அளந்து மிதிக்கத் தெரியாது. பெல்ட் தோளில் வரிவரியாகப் பதிந்தது. நல்லவேளையாகப் பின்னால் கார் எதுவும் வரவில்லை. பக்கத்தில் இருந்த பயிற்றுநர் கோபப்படாமல், “இடது காலுக்கு இன்றைக்கு லீவு கொடுத்துவிடுங்கள் சார்” என்று மட்டும் சொன்னார்.

கார் மாறும்போது முதலில் கவனிக்க வேண்டியது, எஞ்சின் எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரங்கள் இழுக்கின்றன என்பதைத்தான். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், குதிரைத்திறனை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புவது மிகப் பரவலான தவறு. ஹோண்டா சிவிக் டைப் ஆர் போன்ற முன்சக்கர இயக்கக் காரில், திருப்புவதும் இழுப்பதும் ஒரே இரண்டு டயர்களின் வேலை. வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கமாக ஒதுங்கும். அப்போது காலைச் சற்றே தளர்த்தினால் முன்பக்கம் மீண்டும் உள்ளே வந்துவிடும். இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்ட ஒருவர் அடுத்ததாகப் போர்ஷே 911இல் ஏறினால், கற்ற பாடமே அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். 1963இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்தக் காரின் சாலை வடிவங்களில் இன்றும் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னோக்கிச் சாய்கிறது, பின் டயர்களின் பிடிமானம் குறைகிறது, பின்னால் உள்ள அந்தக் கனம் ஊசல்போல வெளியே வீசப் பார்க்கிறது. 1975இல் விற்பனைக்கு வந்த 911 டர்போ, இந்தக் குணத்தோடு, மிதித்துச் சற்று நேரம் கழித்தே சக்தி பாயும் டர்போவின் தாமதமும் சேர்ந்துகொண்டதால்தான் அந்தக் காலத்து ஓட்டுநர்களிடையே ஒரு பயத்தைச் சம்பாதித்தது. இன்றைய 911கள் அந்த அளவுக்குக் கோபக்காரக் கார்கள் இல்லை. மின்னணு உதவியும் அகலமான டயர்களும் நிறைய மறைத்துவிடுகின்றன. ஆனாலும் வளைவுக்குள் போனபின் காலை மெதுவாகத்தான் எடுக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

லோட்டஸ் எலீஸ், போர்ஷே கேமன் போன்று நடுவில் எஞ்சின் உள்ள கார்கள் வேறு வகையில் ஏமாற்றும். கனம் முழுவதும் நடுவில் திரண்டிருப்பதால், கையை மடக்கிக்கொண்டு சுழலும் ஆட்டக்காரரைப் போல இவை மிக விரைவாகத் திரும்பும். முதல் இரண்டு சுற்றுகளில் அது பேரின்பமாக இருக்கும். நழுவத் தொடங்கினாலும் அதே விரைவில்தான் நழுவும் என்பது மூன்றாவது சுற்றில் தெரியவரும். முன்னால் எஞ்சினும் பின்னால் இழுவிசையும் கொண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 கொடுப்பது போன்ற நிதானமான எச்சரிக்கையை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 2007இல் அறிமுகமான நிசான் ஜிடி-ஆர் வளைவிலிருந்து வெளியேறும்போது நம் பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு இழுத்துச் செல்லும். அந்தப் பொறுமை வளைவுக்குள் நுழையும்போதும் இருக்கும் என்று நினைப்பவர்கள்தான் புல்வெளியில் போய் நிற்கிறார்கள். நான்கு சக்கரங்களும் இழுப்பது வேகமெடுக்க உதவுமே தவிர, 1,700 கிலோவுக்கும் கூடுதலான எடையை நிறுத்தவோ திருப்பவோ ஒரு துளியும் உதவாது.

பிரேக் விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. ஒரு காரில் எந்தக் கம்பத்துக்கு நேராக பிரேக் பிடித்தோமோ, அடுத்த காரிலும் கண் அதே கம்பத்தைத்தான் தேடும். உலர்ந்த தடத்தில், நல்ல டயர்களோடு, புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையான அளவில் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் வேண்டும். 200 கிலோமீட்டரிலிருந்து நிற்க ஏறக்குறைய 160 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. இப்போது, சிறிய காரில் 200 கிலோமீட்டர் வேகத்தில் கடந்த அதே கம்பத்தைச் சக்திவாய்ந்த காரில் 220 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிற்கும் தூரம் ஏறக்குறைய 190 மீட்டராகிவிடும். கூடியது வெறும் 20 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறக்குறைய 30 மீட்டர் தூரம் கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு புதிய காரிலும் முதல் சுற்றில், பழைய கம்பத்துக்கு வெகு முன்பாகவே பிரேக் பிடித்து, அந்தக் காரின் பெடல் எவ்வளவு ஆழத்தில் கடிக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாக முன்னேறுவதே சரி. கார்பன் செராமிக் பிரேக் உள்ள கார்களில், சூடேறுவதற்கு முன் பெடல் உணர்வு மரத்ததுபோல இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும் விதத்திலும் சாலைப் பழக்கம் குறுக்கே வரும். சாலையில் மென்மையாகத் தொடங்கி, கடைசியில் அழுத்துகிறோம். தடத்தில் அது தலைகீழ்: கார் நேராக இருக்கும்போதே உறுதியாக அழுத்தி, வளைவு நெருங்க நெருங்கத் தளர்த்த வேண்டும். அப்போது ஏபிஎஸ் வேலைசெய்து பெடல் காலடியில் படபடவென்று துடித்தால், பயந்து காலை எடுத்துவிடுவது புதியவர்களின் வழக்கம். அந்தத் துடிப்பு பழுது இல்லை. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் கார் பார்த்துக்கொள்கிறது என்பதற்கான அடையாளம். கால் அங்கேயே இருக்கட்டும். மாறாக, பெடல் பஞ்சுபோல உள்ளே இறங்கினால் அது உண்மையாகவே எச்சரிக்கை. டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரப்பதத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கக்கூடும். கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகி, நாம் கொடுக்கும் அழுத்தம் அவற்றை நசுக்குவதிலேயே வீணாகும். அந்த நிலையில் இன்னொரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு இடம் தராமல், பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிட வேண்டும்.

எஞ்சின்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. டர்போ கார்களில் பழகியவர் ஹோண்டா எஸ்2000இன் முதல் தலைமுறையை ஓட்டிவிட்டு, “இதில் இழுவையே இல்லையே” என்று உதட்டைப் பிதுக்குவதைப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும் வரை பாடக்கூடிய எஞ்சினை 5,000இலேயே கியர் மாற்றி அடக்கிவிட்டால், குற்றம் காரிடம் இல்லை. இதற்கு நேர்மாறாக, மின்சாரக் கார்களில் விசை மிதித்த கணத்திலேயே வந்துவிடும். ஒலியும் கூடாததால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதைக் காது சொல்லாது. போர்ஷே டைகான் டர்போ எஸ் இரண்டு டன்னுக்கும் மேல், எம்எக்ஸ்-5 ஏறக்குறைய ஒரு டன். அந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுபவர், தான் ஒரே விளையாட்டைத்தான் தொடர்கிறோம் என்று நினைக்கக் கூடாது.

கைமுறை கியர் உள்ள காரில் செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டு. ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்க நினைத்து, பதற்றத்தில் கியர் குச்சியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டாவதில் போட்டுவிடுவதுதான் அது. எஞ்சின் சுழலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி எரிபொருளை நிறுத்துமே தவிர, சக்கரங்கள் எஞ்சினை அளவுக்கு மீறிச் சுழற்றுவதைத் தடுக்க அதனால் முடியாது. வால்வுகள் வளைந்து எஞ்சினே போய்விடும். குச்சியை இறுகப் பிடிக்காமல், உள்ளங்கையால் நேராகப் பின்னோக்கிக் கொண்டுவந்தால், அதன் ஸ்பிரிங்கே அதைச் சரியான வரிசையில் வைத்துக்கொள்ளும்.

இருக்கையைச் சரிசெய்யாமல் கிளம்புவது சிறிய தவறாகத் தோன்றும். முந்தைய ஓட்டுநரின் உயரத்துக்கு அமைந்த இருக்கையிலேயே, நேரம் போகிறதே என்று ஓட்டத் தொடங்குபவர்கள் ஏராளம். முதுகு முழுவதும் பதிந்த நிலையில் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும்; பிரேக்கை அடிவரை அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணி அணியாமல் வருவதும் இதே வகைத் தவறுதான்.

மிகச் சக்திவாய்ந்த காரை முதலில் ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தையும் நான் தவறென்றே சொல்வேன். தடத்தின் வளைவுகளையே அறியாத நேரத்தில் 600 குதிரைத்திறனைக் கையில் எடுத்தால், கவனம் முழுவதும் பயத்துக்கே போய்விடும். சிறிய காரில் தடத்தைக் கற்றுக்கொண்டால், பெரிய காரில் காரை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மின்னணு உதவிகளை அணைத்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி நான் விவாதிக்கவே மாட்டேன்; முதல்முறை அமரும் காரில் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. அதுபோலவே, சேதம் ஏற்பட்டால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே வாசித்துவிட வேண்டும், ஏனெனில் சாதாரண கார் காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் ஓட்டுவதை ஏற்பதில்லை.

டயர்களைப் பொறுத்தவரை, முதல் சுற்றில் எந்தக் காரும் அதன் உண்மையான பிடிமானத்தைக் காட்டாது. பந்தயச் சாயல் கொண்ட டயர்கள் குளிர்ந்த நிலையில் சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கக்கூடும். உங்களுக்கு முன் ஓட்டியவர் இறங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தால், அந்தச் சூடு போயிருக்கும். அவர் போன வேகத்தை அளவுகோலாக எடுக்க முடியாது.

ஓட்டி முடித்து உள்ளே வரும் சுற்றையும் பலர் வேகமாகவே முடிக்கிறார்கள். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் காற்றுப் படவிட்டு வர வேண்டும். நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் கை பிரேக்கை இழுக்கக் கூடாது. கனன்றுகொண்டிருக்கும் பிரேக் டிஸ்க்கின் ஒரே இடத்தில் பிரேக் பேட் அழுந்தி நின்றால், அதன் படிவு அங்கே ஒட்டிக்கொண்டு, அடுத்து ஓட்டுபவரின் காலடியில் அதிர்வாக வெளிப்படும். கியரில் போட்டோ, பார்க் நிலையில் வைத்தோ இறங்கி, பிரேக் சூடாக இருக்கிறது என்று ஊழியரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்து, இடது கால் எந்தக் காரில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்த காரின் கதவைத் திறக்கலாம்.