கேமுக்கு இடைக்காலக் கோட்டை: செதுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

செதுக்கும் மென்பொருளான ஸீபிரஷைத் திறக்கும் முன் ஒரு தாளில் அளவுகளை எழுதி முடித்துவிடுங்கள். மாட்யூலர் கோட்டையில், அதாவது ஒரே அளவுத் துண்டுகளை அடுக்கிக் கட்டுவதில், பாதி வேலை அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும். அங்கே விட்ட பிழையை அப்புறம் எவ்வளவு செதுக்கினாலும் மறைக்க முடியாது. கீழே உள்ளவை அன்ரியல் கேம் இன்ஜினுக்கான அளவுகள், எல்லாம் செ.மீ.யில். இன்னொரு இன்ஜினான யூனிட்டியில் 1 யூனிட் 1 மீட்டர் என்பதால் நூறால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மதில்

அடிப்படைத் துண்டு 400 நீளம், 400 உயரம், 250 தடிமன். பிவோட் (துண்டை நகர்த்த, சுழற்றப் பிடிக்கும் புள்ளி) இடது முனையில், அடியில், தடிமனின் நடுக்கோட்டில். தடிமன் ஏன் 250? மேலே வெளிப்புறக் கைப்பிடிச்சுவருக்கு 50 போனால் நடக்க 200 மிஞ்சும். அன்ரியலின் தேர்ட் பெர்சன் (பாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்க்கும்) டெம்ப்ளேட்டில் கேரக்டரின் கேப்சூல், அதாவது மோதலைக் கணக்கிடும் உறை, ஆரம் 42. ஆளுக்கு 84, இருவர் எதிரெதிரே கடக்க 168 வேண்டும். தடிமனை 200 ஆக்கினால் 150தான் கிடைக்கும். காவலுக்கு ஒரு என்பிசியை (கணினி இயக்கும் பாத்திரத்தை) நிறுத்தினால் வழி அடைத்துக்கொள்ளும்.

கல் வரியின் உயரம் 400ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும்: 25 அல்லது 40. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று 30 வைத்தால் 13 வரி போய் 10 செ.மீ. மிஞ்சும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது அந்த ஒல்லி வரி மதில் முழுக்கக் கோடு கிழித்ததுபோல் ஓடும். அடுத்த துண்டோடு ஒட்டுகிற விளிம்புகளுக்கு பெவல் (முனையை மழுக்கும் சரிவு) போடாதீர்கள். நார்மல் (முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒளிக்குச் சொல்வது) அங்கே வளைந்துவிடுவதால் ஒவ்வொரு 4 மீட்டருக்கும் ஒரு கருங்கோடு விழும்.

மதில் உச்சியின் பல்வரிசைதான் பலரும் சொதப்பும் இடம். ஒரு துண்டுக்குள் இப்படி வரட்டும்: அரை இடைவெளி 40, பல் 120, இடைவெளி 80, பல் 120, அரை இடைவெளி 40. கூட்டினால் 400. இரு முனையும் பல்லில் முடிந்தால், சேரும் இடத்தில் 240 அகலத்துக்கு ஒரு தடிப்பல் வரும். ஒரு முனை பல், மறுமுனை இடைவெளி என்றால் துண்டைத் திருப்பி வைத்தவுடன் கணக்கு உதைக்கும். இடைவெளியின் அடி நடைபாதையிலிருந்து 90, பல்லின் உச்சி 190. நின்றால் மறைவு, எட்டிப் பார்த்தால் வெளி தெரியும்.

படிக்கட்டு 400 ஏறவேண்டும். இடத்தை மிச்சப்படுத்தி 400 நீளத்திலேயே ஏற்றினால் சரிவு 45 டிகிரி. அன்ரியலில் நடக்கக்கூடிய சரிவின் டீஃபால்ட் எல்லை சுமார் 44.8 டிகிரி, சாய்தள கொலிஷன் (கண்ணுக்குத் தெரியாத மோதல் வடிவம்) போட்ட படியில் கேரக்டர் வழுக்கி இறங்கும். 20 உயரம், 40 அகலத்தில் இருபது படி வையுங்கள். 800 நீளம், சரியாக இரண்டு துண்டு.

வாசல் வளைவுக்கு ஒற்றை கான்வெக்ஸ் (உட்குழிவே இல்லாத) கொலிஷன் போட்டால் திறப்பே மூடிவிடும். கண்ணுக்குத் திறந்திருக்கும், ஆள் நுழைய முடியாது. இரண்டு தூணுக்கும் மேல்பகுதிக்குமாக மூன்று பெட்டிகள் போதும்.

வட்டக் கோபுரம்

கோபுரத்தை 90 டிகிரி கால்துண்டுகளாக வெட்டுவதுதான் வசதி. அப்போது விட்டம் டெக்ஸ்ச்சருக்கு, அதாவது மேலே ஒட்டும் கல் படத்துக்கு, கட்டுப்பட்டாக வேண்டும். டைல் (திரும்பத் திரும்ப வரும் ஒரு படம்) 4 மீட்டர் என்று வையுங்கள். 8 மீட்டர் விட்டத்தில் சுற்றளவு 25.13 மீட்டர், அதாவது ஏறக்குறைய 6 டைல், கால்துண்டுக்கு ஒன்றரை. அடுத்த துண்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்போது கல் பாதியில் அறுந்து நிற்கும். விட்டத்தை 10 மீட்டர் ஆக்குங்கள். சுற்றளவு 31.4, கால்துண்டுக்கு 7.85 மீட்டர், அதில் இரண்டு டைலைப் பொருத்தினால் சுருக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே. யாருக்கும் தெரியாது.

கோபுரத்தின் பிவோட் வட்ட மையத்தில், கிரிட் புள்ளியின் மேல். ஆரம் 500 என்பதால் மையத்திலிருந்து முதல் 400ஐக் காலியாக விட்டு மதிலைத் தொடங்குங்கள். மதிலின் முனை கோபுரத்துக்குள் 80 செ.மீ.க்கு மேல் புதையும். சந்து தெரியாது, ஒரே தளத்தில் இரண்டு முகம் மோதி மினுக்குவதும் இருக்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் கோபுரம் நிறுத்திவிட்டால் உள்மூலை, வெளிமூலை என்று தனித் துண்டுகளே வெளி மதிலுக்குத் தேவைப்படாது. நிஜக் கோட்டைகளிலும் மூலையில் கோபுரம் இருந்தது, அங்கிருந்து மதிலின் இருபக்கமும் அம்பு விடத்தான். சதுரமும் வட்டமும் ஒரே கோட்டையில் கலக்கலாமா என்றால், தாராளமாக. இங்கிலாந்தின் ரோசெஸ்டர் கோட்டையில் 1215 முற்றுகையின்போது ஜான் மன்னனின் படை சுரங்கம் தோண்டி ஒரு மூலையைச் சரித்தது. பிறகு அந்த மூலையை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்றும் இன்றும் சதுரம்தான்.

கல்லும் படமும்

தேர்ட் பெர்சனுக்கு மீட்டருக்கு 512 பிக்சல் போதும்: 2048 டெக்ஸ்ச்சர் ஒன்று 4 மீட்டரை மூடும், மதில் துண்டும் அதே அளவு. ஃபர்ஸ்ட் பெர்சன் என்றால் இரட்டிப்பு. படி விளிம்பு, பல்லின் தலைக்கல், வளைவுக் கல் எல்லாம் ஒரே டிரிம் ஷீட்டில் (பட்டை பட்டையாகப் பிரித்த டெக்ஸ்ச்சரில்) அடங்கட்டும். பட்டைகளுக்கு நடுவே குறைந்தது 8 பிக்சல் விடுங்கள். இல்லாவிட்டால் தூரத்து மிப்பில் (தூரத்தில் காட்டும் சிறிய பிரதியில்) நிறம் கசியும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்குக் கல் படம் எடுக்க தேவனஹள்ளிக் கோட்டை கைக்கெட்டும் தூரம். கே.ஆர். மார்க்கெட் பக்கம், ஹைதர் அலி 1761இல் கல்லால் எழுப்பிய கோட்டையின் மிச்சமும் இருக்கிறது. ஆனால் இரண்டும் பீரங்கிக் காலத்தவை. தேவனஹள்ளியின் செங்கல்-சுண்ணாம்புத் துப்பாக்கித் துளைகளைப் பார்த்து 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மதிலைச் செய்தால் வில்லாளிக்கு வேலையே இருக்காது. கருங்கல் பாளங்களையும் அப்படியே டைல் ஆக்க வேண்டாம். கோட்டை தக்காணத்துக்கு வந்துவிடும். எடுக்க வேண்டியது மழைநீர் வழிந்த கறை, பாசி, சுண்ணாம்புக் கசிவு. இவை மேலே பூசும் மாஸ்க்காக எந்தக் கல்லிலும் உட்காரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகமூட்டமான நாட்களில் போனால் நிழல் விழாது. கல்லுக்கு நேராக நின்று எடுங்கள், முதல் படத்தில் ஓர் அடிக்கோலும் இருக்கட்டும். ட்ரோனை மறந்துவிடுங்கள், விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

செதுக்குவதற்கு முன் எல்லாத் துண்டையும் வெறும் சாம்பல் பெட்டிகளாகச் செய்து லெவல் டிசைனரிடம் கொடுங்கள்: மதில், அரை மதில் (200), பல்வரிசை, வாசல், படி, கோபுரக் கால்துண்டு சாதா, கதவோடு, அம்புத்துளையோடு, மேடு பள்ளத்துக்கு 200 கீழே இறங்கும் அடித்தளம். மூன்று வெவ்வேறு கோட்டை அடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஓட்டையை அடைக்க எந்தத் துண்டையாவது அவர் இழுத்து நீட்டினால், அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்து செய்ய வேண்டிய துண்டு அதுதான்.