மோதாமலே ஏர்பேக் வெடித்தால்

வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து இறங்குங்கள். முகத்தில் படியும் வெள்ளைத் தூள் எரிச்சல் தரும். கண்ணைக் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். பை விரிந்த இடத்து உலோகம் கொதிக்கும், தொடாதீர்கள்.

அடுத்தது படங்கள். பம்பர், மீட்டரில் எரியும் விளக்குகள், கிலோமீட்டர் எல்லாம் வேண்டும். முக்கியமாக வண்டியின் அடிப்பாகம். "பள்ளத்தில் அடி வாங்கியிருக்கிறது" என்று கார் கம்பெனி பதில் சொல்லக்கூடும். அடியில் கீறல்கூட இல்லை என்று காட்டும் படம் அந்த வாதத்தைப் பெரிதும் பலவீனப்படுத்தும்.

பேட்டரி நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, வண்டியை டோ செய்து அனுப்புங்கள். இன்சூரன்ஸுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டரில்தான் வழக்கு கெடும்: ஏர்பேக்கை இயக்கும் பெட்டியான கன்ட்ரோல் மாட்யூலைப் புதிதாகப் போட்டு, பழையதைத் தூக்கிப் போட்டுவிடக்கூடும். பல மாடல்களில் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் வேகம், பிரேக், விரிந்த நேரம் பதிவாகியிருக்கும். மாட்யூல், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிள், ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கனெக்டர்கள் எதையும் மாற்றக்கூடாது என மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சுக்குச் சான்று இருக்காது. ஏர்பேக் ஏன் வெடித்தது என்று தெரிய, தண்ணீர் புகுந்த தடம், உரசிய வயர், வெளிக்கடையில் பொருத்திய ஹார்னின் இணைப்பு உண்டா என்று உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனி பொறுப்பேற்க மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரும் மனுவையும் சேர்த்தே போடுங்கள்.