கிரிட் ஆட்டோஸ்போர்ட்: பிரேக் பிடிப்பதில் செய்யும் தவறுகள்

கார் பந்தய வீடியோ கேமுக்குப் புதிதாக வருபவர்கள், எந்தக் கார் வேகமானது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கே பிரேக் பிடிப்பது என்று கேட்பவர் மிகக் குறைவு. ஆனால் பந்தயம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கிரிட் ஆட்டோஸ்போர்ட், 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கும் வந்தது. கையடக்கமான அந்தப் பதிப்பைத்தான் நான் அதிகம் விளையாடியிருக்கிறேன்.

இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் முதல் வளைவு பேடக் ஹில். வலப்புறம் திரும்பும்போதே தரை சரிந்து கீழே இறங்கும். வளைவின் முடிவு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியாது. பல நாட்கள் நான் அங்கே ஒரே தவறைச் செய்தேன். முழு வேகத்தில் வந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு பதறிப்போய்ப் பிரேக்கை அழுத்துவேன். கார் திரும்பாது, மூக்கு நேராகவே போய் இடப்புறச் சரளைக்கல்லில் இறங்கிவிடும்.

காரணம் எளியது. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுதான். அதை முழுவதும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. ஆகவே கார் நேராக இருக்கும்போதே அழுத்திப் பிரேக் பிடியுங்கள். திருப்பத் தொடங்கும்போது சிறிது சிறிதாக விடுங்கள். உள்ளே மெதுவாக நுழைபவர் ஆக்சிலரேட்டரை முன்னதாகவே அழுத்த முடியும். அந்த லாபம் அடுத்த நேர்ப்பாதை முழுக்கக் கூடவே வரும். மலேசியாவின் செபாங் களத்தில் கடைசிக் கொண்டையூசி வளைவுக்குப் பின் நீண்ட நேர்ப்பாதை இருக்கிறது. அந்த வளைவில் பொறுமையாக நுழைந்தவர், அவசரப்பட்டு நுழைந்தவரை நேர்ப்பாதையில் தாண்டிப் போவதைப் பலமுறை பார்க்கலாம்.

ஸ்விட்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதனுடன் வரும் ஜாய்-கான் கன்ட்ரோலரின் பின்பக்கப் பொத்தான்களுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது. அழுத்தினால் முழு பிரேக், விட்டால் எதுவும் இல்லை. பொத்தானை இறுக்கிப் பிடித்தபடி வளைவுக்குள் போகாமல், விட்டு விட்டுத் தட்டிப் பழகுங்கள். நின்டெண்டோவின் பழைய கருவியான கேம்கியூபின் கன்ட்ரோலரும் அதற்கான அடாப்டரும் இருந்தால் இணைத்துப் பாருங்கள். அதன் அழுத்தம் உணரும் பொத்தான்களை இந்த விளையாட்டு ஏற்றுக்கொள்கிறது. வேறுபாடு முதல் சுற்றிலேயே விரலுக்குத் தெரியும்.

வளைவின் உள்விளிம்பை ஒட்டியே போனால் தூரம் குறையும் என்று நினைப்பதும் தவறு. தூரம் குறைகிறது, வேகம் அதைவிட அதிகமாகக் குறைகிறது. வெளிவிளிம்பில் தொடங்கி, நடுவில் உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளிவிளிம்புக்கு வாருங்கள். திரையில் நிறம் மாறிக் காட்டும் வழிகாட்டிக் கோடு தொடக்கத்துக்கு நல்லது; அதையே பார்த்துக்கொண்டிருந்தால் களம் மனதில் பதியாது. ஓரத்துப் பலகை, மரம், தடுப்புச் சுவர் என்று ஏதாவது ஒன்றைப் பிரேக் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகும் காரை இடித்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். மோதினால் கார் உண்மையாகவே பழுதாகும் ‘முழுச் சேதம்’ அமைப்பு இயக்கத்தில் இருந்தால், அந்த இடி உங்கள் ஸ்டீயரிங்கையே கோணலாக்கிவிடும். நெடுநேரப் பந்தயங்களில் டயர் தேய்மானமும் சேர்கிறது. முதல் சில நிமிடங்களில் டயரைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால், கடைசி நிமிடங்களில் முந்திச் செல்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்விட்ச் பதிப்பின் அமைப்புகளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மின்சேமிப்பு முறையை விட்டுச் செயல்திறன் முறைக்கு வந்தால் படம் சீராக ஓடும், பிரேக் நேரமும் கைக்குள் வரும்.

கடைசியாக, ஃபிளாஷ்பேக். தவறு நடந்தால் சில நொடிகள் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும் வசதி இது. விழுந்த இடத்துக்குச் சற்று முன்பு வரை மட்டும் பின்சென்று, அதே வேகத்தில் மறுபடி முயன்று, மறுபடி வெளியே போகிறவர்கள் பலர். பிரேக் பிடித்த இடத்துக்கும் முன்னால் வரை போங்கள். இந்த முறை பலகைக்கு ஒரு கார் நீளம் முன்பே அழுத்திப் பாருங்கள்.