ஷாட்கன் குறி விலகுகிறதா? முதலில் பின்கட்டையைப் பாருங்கள்

ஷாட்கன் குழலின் முனையில் ஒரு சின்ன மணி இருக்கும், அவ்வளவுதான். ரைபிளில் இருப்பது போலப் பின்குறி எதுவும் பெரும்பாலும் இருக்காது, அந்த வேலையை உங்கள் கண்தான் செய்கிறது. கன்னம் பின்கட்டையில் (தோளில் ஊன்றும் பின்பகுதியில்) எங்கே பதிகிறதோ அங்கேதான் கண்ணும் நிற்கும். கண் உயர்ந்தால் ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) மேலே போகும், தாழ்ந்தால் கீழே, இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம். இலக்காக வீசப்படும் தட்டைத் தவறவிட்டதும் சோக்கையும் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) தோட்டாவையும் மாற்றிப் பார்ப்பவர்கள் நிறைய. கட்டையை யாரும் நினைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண், என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் கட்டையை எவ்வளவு செதுக்கினாலும் பயன் இல்லை.

அடுத்தது கட்டையின் நீளம். துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, தோளில் ஏற்றிப் பாருங்கள். மூக்குக்கும் விசை இழுக்கும் கையின் கட்டைவிரலுக்கும் நடுவே சுமார் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. நீளத்தை முதலிலேயே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பெரும்பாலான கட்டைகள் தோள்பக்கம் சரிந்திருக்கும், நீளத்தைக் கூட்டினால் கன்னம் பின்னுக்குப் போய்த் தாழ்ந்துவிடும், குறியும் அதோடு இறங்கிவிடும்.

இனி சுடுதளத்தில் 16 கஜம், அதாவது ஏறக்குறைய 15 மீட்டர் தூரத்தில், பெரிய தாளை மாட்டி நடுவில் ஒரு கரும்புள்ளி வையுங்கள். இறுக்கமான சோக் போட்டு, புள்ளியை மட்டும் பார்த்தபடி துப்பாக்கியைத் தூக்கி, கன்னம் பதிந்த உடனே சுடுங்கள். மணியைப் பார்த்து நிதானமாகக் குறி வைத்தால் உங்களை அறியாமலே தலையைத் திருத்திக்கொள்வீர்கள், அப்புறம் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அதே தாளில் ஐந்தாறு முறை சுட்டால் ரவை அடர்ந்த நடு இடம் தானாகத் தெரியும்.

கணக்கு எளிது. கண்ணிலிருந்து மணி வரை சுமார் ஒரு கஜம், தாள் 16 கஜம், ஆகவே தாளில் 1 அங்குல விலகலுக்குக் கட்டையில் 1/16 அங்குலம், அதாவது 1.6 மி.மீ. மாற்றம் போதும். 3 அங்குலம் கீழே பட்டால் கன்னம் பதியும் மேல்விளிம்பை 3/16 அங்குலம் உயர்த்துங்கள். உடனே ரம்பத்தை எடுக்க வேண்டாம்! மெல்லிய அட்டையை டேப்பால் ஒட்டிச் சுட்டுப் பாருங்கள், மேலே போனால் ஓர் அட்டையைக் கழற்றுங்கள்.

வலத்தோள்காரருக்கு ரவை இடப்பக்கம் போனால் கட்டை முகத்தை விட்டு வலப்பக்கம் விலக வேண்டும். வலப்பக்கம் போனால் கன்னம் படும் பக்கத்தில் அட்டை சேருங்கள். பல செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளோடு வரும் ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடுகளைக் கட்டைக்கும் துப்பாக்கியின் உடலுக்கும் நடுவே மாற்றிப் போட்டாலே உயரமும் சாய்வும் மாறும். மரத்தை இழைப்பதையும் வளைப்பதையும் துப்பாக்கித் தச்சரிடம் விடுங்கள், இழைத்த மரம் திரும்ப வராது.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, புதுத் தாளில் சுடுங்கள். எல்லாம் செய்தும் சரியாகவில்லையா? மணல்மூட்டையில் தாங்கி வைத்து, கண்ணைக் குழலின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டைக்கு நேராக நிறுத்திச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் விலகினால் கோளாறு குழலிலோ சோக்கிலோ இருக்கலாம்.